கண்காட்சி முயலுக்கு என்ன தீவனம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை முயல் ரோமம் பற்றியவை. செல்லப்பிராணிக் கண்காட்சி எங்கோ நெருங்குகிறது போலிருக்கிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பளபளப்பின் மேல் அக்கறை வந்திருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

ஒன்றரை வயது நியூசிலாந்து வெள்ளை ஆண் முயல் வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் கண்காட்சி. ரோமம் மின்ன வேண்டும் என்று சூரியகாந்தி விதை ஒரு கைப்பிடி, ஆளி விதை ஒரு ஸ்பூன், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை ஒன்று, மூன்றும் தினமும் தருகிறேன். இப்போது முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் எதைச் சேர்க்கலாம்?
– வாசகர், அண்ணா நகர்

எதையும் சேர்க்காதீர்கள், முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். மீன் ஈரல் எண்ணெயில் இருக்கும் வைட்டமின் ஏ நல்ல பெல்லட்டிலேயே, அதாவது கடையில் விற்கும் குச்சித் தீவனத்திலேயே, போதுமான அளவு இருக்கிறது; அதற்கு மேல் போவது உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யும், முக்கியமாகச் சினை முயலுக்குக் கொடுத்தால் குட்டிகள் போய்விடும். உங்களுடையது ஆண் என்பதால் அந்தக் கவலை இல்லை, ஆனாலும் வேண்டாம்.

முடி கொட்டுவதற்கு வருவோம். முயல் அவ்வப்போது பழைய ரோமத்தைக் கழற்றிப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் பகல் நீளுவதையும் குறைவதையும் வைத்து இது ஓரளவு கணக்காக நடக்கும். நமக்கோ சென்னையில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் இங்கே வெயிலும் தீனியும்தான் அதிகம் ஆட்டி வைக்கும். திடீரென்று எண்ணெய் விதையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால், இன்னும் கொஞ்ச நாள் தங்கியிருக்க வேண்டிய ரோமம் முன்கூட்டியே கழன்றுவிடும் என்பது அனுபவப்பட்ட வளர்ப்பாளர்கள் பலர் சொல்வது. உங்களுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம், இயல்பாகவே அதன் முறை வந்ததாகவும் இருக்கலாம்.

முயலை மடியில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கழுத்தை நோக்கி எதிர்த் திசையில் தடவிப் பாருங்கள். நியூசிலாந்து இனத்துக்குக் கையை எடுத்ததும் ரோமம் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பிப் படிய வேண்டும். மெதுவாகப் படிந்தாலோ, உள்ளங்கையில் கொத்தாக வந்தாலோ அது செத்த முடி. அடுத்ததாக முதுகில் வாயால் ஊதிப் பாருங்கள். ரோமம் பிளந்து அடியில் குட்டையாகப் புது முடி முளைத்திருப்பது ஒரு கோடு மாதிரித் தெரியும், பெரும்பாலும் கழுத்துப் பக்கம் தொடங்கிப் பின்னால் நகரும். அந்தக் கோடு இடுப்பைத் தாண்டிவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முதுகின் நடுவில்தான் நிற்கிறது என்றால் இந்தக் கண்காட்சியை விட்டுவிடுங்கள், அடுத்ததற்குப் பார்க்கலாம். மேடையில் தெரியும் ரோமம் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு முன்னால் தின்ற தீனியில் வளர்ந்தது, கடைசி மூன்று வாரத்தில் எதைப் போட்டாலும் அதைத் திருத்த முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையை லேசாக ஈரப்படுத்தித் தினமும் இரண்டு நிமிடம் தடவிச் செத்த முடியை எடுங்கள். புல் எவ்வளவு தின்றாலும் போடுங்கள். பெல்லட்டில் புரதம் 16 முதல் 18 சதவீதம், நார்ச்சத்து 16 சதவீதத்துக்குக் குறையாமல், கொழுப்பு 3 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். ரோமம் முழுக்கப் புரதம், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதற்குக் கட்டாயம் தேவை, அதனால் முடி மாற்றும் நேரத்தில் எண்ணெயைவிடப் புரதம்தான் கைகொடுக்கும். சூரியகாந்தி விதையே கூடாது என்று சொல்லவில்லை. தோலோடு ஒரு நாளைக்கு ஏழெட்டு, கூடவே ஆளி விதை ஒரு சிட்டிகை, இதைக் கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்து ஒரே அளவில் கொண்டுபோங்கள். கண்காட்சிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் தீனியில் எதையுமே மாற்றக் கூடாது. வேறு பெல்லட்டுக்கு மாற வேண்டுமென்றாலும் பழையதோடு கலந்து கலந்து பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

என் பெண் முயலுக்கு நல்ல எடை இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் ‘உடம்பு கட்டா இல்லை, தொளதொளன்னு இருக்கு’ என்கிறார்கள். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை, மதியம் பன் அல்லது சாதம், இரவில் கேரட், பெல்லட். குறையே வைக்கவில்லை.
– வாசகி, பெரம்பூர்

குறை வைக்கவில்லை என்பதுதான் குறை. நீங்கள் எழுதிய பட்டியலில் புல் என்ற சொல்லே இல்லையே, கவனித்தீர்களா?

முயலின் வயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை மாதிரி ஒரு குடல் இருக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. பன், சாதம், கடலை என்று மாவுச்சத்து அங்கே போய்ச் சேர்ந்தால் வேண்டாத கிருமிகள் பெருகும். பால் மறந்த குட்டிகள் இதில் ஒரே இரவில் செத்துப்போவதும் உண்டு. பெரிய முயல் தாங்கிக்கொள்ளும், ஆனால் தின்றதெல்லாம் கொழுப்பாக மாறி வயிற்றிலும் தோளுக்குக் கீழேயும் தொங்கும். தராசு அதையும் எடை என்றுதான் காட்டும்.

அதனால் தராசை மட்டும் நம்பாமல் கையாலும் பாருங்கள். முயலை வழுக்காத சாக்கு மேல் உட்கார வைத்து, முதுகெலும்பின் ஒரு பக்கம் கட்டை விரல், மறு பக்கம் மற்ற விரல்கள் வரும்படி வைத்து, தோளிலிருந்து இடுப்பு வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். எலும்பு முடிச்சுகள் ரம்பப் பல் மாதிரி குத்தினால் மெலிவு. அழுத்தியும் தட்டுப்படவே இல்லையென்றால் கொழுப்பு. முனை மழுங்கி, உருண்டையாகத் தட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் சதை இறுக்கமாக நிறைந்திருந்தால் அதுதான் நடுவர் தேடும் உடம்பு. அப்புறம் முன்னங்கால் அக்குளில் விரலை விடுங்கள். அங்கே மெத்து மெத்தென்று ஒரு மடிப்பு அகப்பட்டால் தீனியைக் குறைக்க வேண்டிய நேரம். பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழே மடிப்பு இருப்பது இயல்புதான், ஆனால் குனிந்து தின்னும்போது அது தட்டில் தோய்கிறது என்றால் அளவு மீறிவிட்டது.

பன், சாதம், கடலை மூன்றையும் நிறுத்துங்கள். ஒரே நாளில் நிறுத்தலாம், இதற்கெல்லாம் மெதுவாக வர வேண்டியதில்லை. கேரட் வாரத்தில் இரண்டு நாள் விரல் அளவு துண்டு போதும், அது அதற்கு மிட்டாய். பெல்லட் கிலோ எடைக்கு 25 முதல் 30 கிராம். உங்களுடையது மூன்று கிலோ என்றால் 75 முதல் 90 கிராம் வரை, அளந்து போடுங்கள், சமையலறைத் தராசு போதும். வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவை கேட்கும் அளவு தின்னட்டும். மீதி வயிற்றைப் புல் நிரப்ப வேண்டும். கூண்டிலேயே கிடக்கும் முயலுக்குச் சதை இறுகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் மாடியிலோ கூடத்திலோ ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். வாரம் ஒரு தடவை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். கொழுப்பு மெதுவாகத்தான் கரைய வேண்டும், பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த முயலைத் திடீரென்று பட்டினி போட்டால் கல்லீரல் கெட்டுச் செத்துவிடும்.

பப்பாளியும் அன்னாசியும் கொடுத்தால் வயிற்றில் சேர்ந்த முடி கரையும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தாம்பரம்

இல்லை. அந்தப் பழங்களின் நொதிகள் முடியைக் கரைக்காது. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, நக்கி விழுங்கிய முடி பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போவது நாரும் தண்ணீரும். பழத்தில் இருப்பது சர்க்கரை. ஒரு சின்னத் துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது, மருந்து என்று நினைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தால்தான் தொல்லை. புழுக்கை சின்னதாகி, ஒன்றோடொன்று முடியால் கோத்த மணிமாலை போல வந்தால் இரண்டு நாளைக்குப் பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். புழுக்கையே வரவில்லை, அரை நாளாக எதையும் தின்னவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

நான்கு முயல்களுக்கும் முதுகிலும் விலாவிலும் திட்டுத் திட்டாக முடி போய்விட்டது. சொறி இல்லை, அரிப்பும் இல்லை. பக்கத்துக் காலி மனையில் இருக்கும் சவுண்டல் மரத்து இலையைத்தான் இரண்டு மாதமாகப் போடுகிறோம், மிகவும் விரும்பித் தின்கின்றன. மரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், போரூர்

நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். சவுண்டல், அதாவது சூபாபுல் இலையில் புரதம் நிறைய, கூடவே மைமோசின் என்ற நச்சுப் பொருளும் இருக்கிறது. முடி முளைக்கும் வேரையே அது தாக்கும். செம்மறி ஆட்டின் உடம்பிலிருந்து ரோமம் தானாக உதிர வைக்க முடியுமா என்று இதே மைமோசினைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெள்ளாடு தின்கிறதே என்று கேட்பீர்கள். வெள்ளாட்டின் இரைப்பையில் அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, முயலுக்கு அந்த வசதி கிடையாது.

இன்றே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும். புரதத்துக்கு அகத்தி, வேலிமசால், குதிரை மசால் ஆகிய தீவனச் செடிகளில் எது கிடைக்கிறதோ அதை மாற்றி மாற்றிக் கொஞ்சமாகப் போடலாம். குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முயல் அதைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளும், அதனால் வளர்ந்த முயலுக்கு அதையே முழுத் தீவனமாக்காதீர்கள். கூண்டுக்குக் கீழே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்தால் குறைக்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

முடி போனாலே தீவனம்தான் காரணம் என்றும் மற்ற வாசகர்கள் முடிவு கட்டிவிடாதீர்கள். பெண் முயல் தாடையிலும் வயிற்றிலும் தானே பிடுங்கிக் கூடு கட்டினால் அது சினை, இல்லையென்றால் பொய்ச் சினை. காதுக்குள் பொருக்குத் தட்டினால், மூக்கு ஓரம் வெள்ளையாகத் தடித்தால், முதுகில் பொடுகு நகர்வது போலத் தெரிந்தால் உண்ணி வகைப் பூச்சி. அதற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். நாய்க்கு வாங்கி வைத்த ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் முயலுக்குப் போடாதீர்கள், அது முயலைக் கொன்றுவிடும்.

கத்திரி வெயில் வந்தால் என் முயல்கள் பெல்லட்டைத் தொடுவதே இல்லை, உடம்பு இளைத்து ரோமமும் கலைந்துவிடுகிறது. பசி மருந்து ஏதாவது உண்டா?
– வாசகர், கொடுங்கையூர்

மருந்தை விடுங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மொட்டை மாடி டேங்கிலிருந்து குழாய் இழுத்து, முயல் வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிள் மாட்டியிருந்தால், மதியம் இரண்டு மணிக்கு அந்த நிப்பிளில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். வெந்நீர் வரும். முயல் அதைக் குடிக்காது, குடிக்காத முயல் காய்ந்த தீனியையும் தின்னாது. நாளெல்லாம் சேர்த்து கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கிற பிராணி அது, வெயில் காலத்தில் அதற்கு மேலும் குடிக்கும். கனமான மண் சட்டியில் பானைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், மதியம் ஒரு தடவை மாற்றுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற பகுதி என்றால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் கொடுங்கள்.

முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம், நமக்கு மே மாதத்தில் நாற்பது சர்வசாதாரணம். உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்ற வேண்டும், செரிமானமும் சூட்டைக் கூட்டும் என்பதால் பகலில் அது தானாகவே வாயைக் கட்டிக்கொள்கிறது. அதனால் அந்த நாள்களில் தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரவு ஏழு மணிக்கு மேல் போடுங்கள், மீதியை விடிவதற்கு முன்னால். முயல் அந்தியிலும் விடியலிலும் தின்னும் பிராணி, இந்த நேரம் அதற்கும் வசதி. கூண்டில் தண்ணீர் உறைய வைத்த பாட்டிலைத் துணி சுற்றிப் போடுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஈரக் கையால் காதைத் துடைத்து விடலாம். அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே கூண்டு இருந்தால் இது எதுவும் போதாது, இடத்தை மாற்றுங்கள்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

கூடாது. நக்கி எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும், தூசி ஒட்டி ரோமம் சிக்காகும். போதாக்குறைக்கு, அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்து விதிப்படி ரோமத்தில் வெளிப்பொருள் தடவி வந்தால் அந்த முயலைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். குளிப்பாட்டவும் வேண்டாம்.

கறுப்பு முயல், ஆனால் முதுகு மட்டும் செம்பட்டையாகிக்கொண்டே வருகிறது. சத்துக் குறைவா?
– வாசகர், வில்லிவாக்கம்

கூண்டு மொட்டை மாடியிலா? அப்படியென்றால் வெயில்தான். நிழலுக்கு மாற்றுங்கள். வெளுத்த முடி திரும்பக் கறுக்காது, அடுத்த முடி மாற்றத்தில்தான் சரியாகும். முடி உதிரும் நேரத்திலும் பழைய ரோமம் செம்பட்டையாகத் தெரிவது உண்டு.

அதிகாலையில் தன் பின்பக்கத்தில் வாயை வைத்து எதையோ தின்கிறது. அசிங்கமாக இருக்கிறது, எப்படித் தடுப்பது?
– வாசகி, கே.கே. நகர்

தடுக்கவே கூடாது. திராட்சைக் கொத்து மாதிரி மென்மையாக வரும் அந்தப் புழுக்கை வேறு, கீழே கிடக்கும் கெட்டிப் புழுக்கை வேறு. குடலில் நுண்ணுயிர்கள் செய்த புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தின்னாமல் பின்பக்க ரோமத்தில் அப்பிக்கொண்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெல்லட் அதிகமாகிப் புல் குறைந்திருக்கும், அல்லது குனிந்து எட்ட முடியாத அளவு கொழுத்திருக்கும்.

மழைக்காலத்தில் பெல்லட் நமுத்துவிடுகிறது. வெயிலில் காய வைத்துப் போடலாமா? கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் கலந்தால் உடம்பு ஏறும் என்று தீவனக் கடையில் சொன்னார்கள்.
– வாசகர், மணலி

நமுத்தது வேறு, பூசணம் பிடித்தது வேறு. ஒரு பெல்லட்டை எடுத்து இரண்டாக ஒடியுங்கள், டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து மசிந்தால் ஈரம் ஏறிவிட்டது. முகர்ந்து பாருங்கள், காய்ந்த புல் வாசனைக்குப் பதிலாகப் பழைய அலமாரி நாற்றம் வந்தால், உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால், மூட்டையோடு குப்பைக்குப் போகட்டும். பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயிலில் காய வைத்தாலும் போகாது, முயல் அந்த நஞ்சுக்கு மிகவும் எளிதில் பலியாகும் பிராணிகளில் ஒன்று. கோழிக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கடலைப் புண்ணாக்கு வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான், அந்தப் பூசணத்துக்குக் கடலை மேல் தனி ஆசை.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மூடி இறுகும் எவர்சில்வர் டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தயாரித்த தேதி மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள், வைட்டமின்கள் குறைந்து கொழுப்பு காறலெடுக்கத் தொடங்கியிருக்கும். முயல் பெல்லட் தீர்ந்துபோச்சு, அவசரத்துக்கு பிராய்லர் கோழித் தீவனம் போடலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். போடக் கூடாது. நார் மிகக் குறைவு, ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் கலக்கும் மருந்துகளில் சில முயலுக்கு விஷம். பெல்லட் இல்லாத இரண்டு நாளைப் புல்லிலேயே ஓட்டிவிடலாம்.

புல் புல் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவர்கள் புல்லுக்கு எங்கே போவது? இறக்குமதியான டிமோத்தி புல் விலை கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போடலாமா?
– வாசகர், வேளச்சேரி

வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்கு ஆகாது. நார் இருக்கும், சத்து என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அருகம்புல்லை நாம் பிள்ளையாருக்குச் சாத்துவதோடு மறந்துவிடுகிறோம், முயலுக்கு அதைவிட நல்ல புல் இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்காது. கோயம்பேடு பூ மார்க்கெட்டிலும் கோயில் வாசல் பூக்கடைகளிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், சங்கடஹர சதுர்த்தி அன்று விலை ஏறும், மறுநாள் மிஞ்சியதை மலிவாகவே தருவார்கள். ஈரத்தோடு கட்டி வைத்திருப்பதால் நடுவில் சூடேறி மஞ்சளாகியிருக்கும், கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். அலசி, மின்விசிறிக்குக் கீழே நியூஸ்பேப்பரில் பரப்பி ஈரம் போன பிறகு போடுங்கள். நிறையக் கிடைத்தால் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம், பச்சை நிறம் போகாமல் மொறமொறவென்று இருந்தால் சரியாகக் காய்ந்திருக்கிறது. சொந்த வீட்டில் கொஞ்சம் மண் இருப்பவர்கள் கோ 4 என்ற கம்பு நேப்பியர் தீவனப் புல்லின் கரணை ஊன்றலாம், முற்ற விடாமல் நாற்பது நாளுக்கு ஒரு தடவை அறுத்து நறுக்கிப் போட்டால் தண்டோடு தின்னும். காலிஃபிளவர் இலை, முள்ளங்கி இலை, கொத்தமல்லித் தண்டு இவையெல்லாம் காய்கறிக் கடையில் சும்மாவே தருவார்கள், நன்றாக அலசிப் போடுங்கள், புல்லுக்குத் துணையாகத்தானே தவிர புல்லுக்குப் பதிலாக இல்லை. முட்டைக்கோஸை ஒரே வேளையில் நிறையப் போட்டால் வயிறு உப்பும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி வேண்டாம். காலி மனையில் அறுப்பவர்கள் அரளி, எருக்கு, உண்ணிச்செடி கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய்கள் திரியும் இடத்துப் புல்லையும் தவிர்த்துவிடுங்கள்.

அங்கோரா முயல் வாங்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஏசி அறை இல்லாமல் வேளச்சேரியில் அங்கோரா வேண்டாம் சார், அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ஏற்ற இனம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ரோமத்தை ஒட்ட வெட்டி விடுங்கள், பெல்லட் இல்லாமல் புல் மட்டும் என்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள்.